ஸ்டேட்மென்ட்டில் தெரியாத பெயர்

கார்டு ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு வரியிலும் நான்கு விவரங்கள் இருக்கும்: தேதி, பணம் வாங்கியவர் பெயர், ஊர், தொகை. ஜவுளிக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கார்டைக் கொடுத்திருந்தால் இந்த நான்கில் ஒன்றாவது ஞாபகத்தைக் கிளறிவிடும். இணையச் சந்தாவில் நான்குமே காலை வாரலாம். பெயர் கேள்விப்படாத கம்பெனியுடையது. ஊர் டப்ளின் என்றோ சிங்கப்பூர் என்றோ இருக்கும். தொகை விளம்பரத்தில் பார்த்த விலையோடு ஒட்டாது. அந்தத் தேதியில் கார்டுக்காரர் எதையும் வாங்கியிருக்கவே மாட்டார், ஏனென்றால் அன்று பணத்தை எடுத்துக்கொண்டது தானாக ஓடும் ஒரு புரோகிராம். இப்படி ஒரு வரியைப் பார்த்ததும் திருட்டு என்று முடிவுகட்டி கார்டையே முடக்கிவிடுகிறவர்கள் உண்டு. 'நாம் வாங்கியதாகத்தான் இருக்கும்' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. முன்னது வீண் அலைச்சல். பின்னது பண நஷ்டம்.

பெயர் ஏன் மாறுகிறது

கார்டில் பணம் எடுக்கும்போது விற்பவரின் வங்கிக்கும் கார்டு கொடுத்த வங்கிக்கும் இடையே ஓடும் செய்திக்கு உலகெங்கும் ஒரே மாதிரியான வார்ப்பு இருக்கிறது. 1987-இல் வெளியான ஐஎஸ்ஓ 8583 என்ற தரநிலையிலிருந்து வந்த வார்ப்பு அது. அதன் 43-ஆம் கட்டத்தில் விற்பவரின் பெயர், ஊர், நாடு மூன்றும் அடங்க வேண்டும். மொத்தம் 40 எழுத்து இடம். ஊரும் நாடும் போக, பெயருக்கு மிஞ்சுவது இருபத்தைந்துக்குள்தான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள் ஆகியவற்றால் அதை நிரப்புகிறார்கள். சாட்ஜிபிடிக்கு மாதச் சந்தா கட்டுகிறவரின் ஸ்டேட்மென்ட்டில் 'ஓபன்ஏஐ *சாட்ஜிபிடி சப்ஸ்க்ர்' என்று பாதியில் அறுந்த சொல் வருவது இதனால்தான். சப்ஸ்கிரிப்ஷன் என்று முழுதாக எழுத அங்கே இடமில்லை.

இடப்பற்றாக்குறை சின்னத் தொல்லை. அங்கே எழுதப்படுவது யாருடைய பெயர் என்பதில்தான் பெரிய குழப்பம். வாடிக்கையாளருக்குத் தெரிந்தது செயலியின் பெயர். வங்கிக்குத் தெரிந்தது கணக்கு தொடங்கியபோது பதிவான கம்பெனியின் பெயர். இரண்டுக்கும் ஒரு எழுத்துகூடப் பொருந்தாமல் போகலாம். யோகா கற்றுத்தரும் செயலியை நடத்துவது எங்கோ ஒரு நாட்டில் வேறு பெயரில் பதிவான கம்பெனியாக இருந்தால், ஸ்டேட்மென்ட்டில் யோகா என்ற சொல்லே இருக்காது.

இதற்கு மேல் இடைத்தரகர்கள் வேறு. சிறிய மென்பொருள் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு நாட்டிலும் வரி கட்டி, கார்டு வசூலுக்கு ஒப்பந்தம் போட்டு அல்லாட முடியாது என்பதால், விற்பனையை மொத்தமாக வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். லண்டனைச் சேர்ந்த பேடில், அமெரிக்காவின் ஃபாஸ்ட்ஸ்பிரிங், இப்போது வெரிஃபோனின் கையிலுள்ள டூசெக்அவுட் ஆகியவை இந்தத் தொழில் செய்பவை. சட்டப்படி விற்பவர் பேடில்தான். மென்பொருளை எழுதியவர் அதற்குச் சரக்கு கொடுப்பவர் மட்டுமே. அதனால் 'பேடில்.நெட்' என்று தொடங்கும் வரியைக் கண்டு, பேடில் என்று எதையும் வாங்கவில்லையே என்று திகைப்பதில் பொருளில்லை. பேடில் பணம் வாங்கியது வேறு யாருக்காகவோ.

யாருக்காக என்பதற்கான விடை பெரும்பாலும் அதே வரியில் நட்சத்திரக் குறிக்கு அடுத்து இருக்கும். குறிக்கு இடப்பக்கம் இருப்பவர் வசூலிப்பவர், வலப்பக்கம் இருப்பது கடை அல்லது பொருள். 'பேபால் *ஸ்டீம் கேம்ஸ்' என்றால் பேபால் வழியாக ஸ்டீம் தளத்தில் விளையாட்டு வாங்கப்பட்டிருக்கிறது. 'கூகுள் *' என்று தொடங்கினால் அடுத்து யூடியூப் என்றோ செயலி தயாரித்தவர் பெயரோ வரும். எஃப், எஸ் என்ற இரண்டு எழுத்துக்குப் பின் நட்சத்திரம் இருந்தால் ஃபாஸ்ட்ஸ்பிரிங். நம் நாட்டு விற்பனைகளில் ரேஸர்பே, பேயூ, சிசிஅவென்யூ போன்ற வசூல் நிறுவனங்களின் பெயரோ அதன் சுருக்கமோ முன்னால் நிற்பதுண்டு. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைத்திருப்பவர்களுக்கு வரி 'யுபிஐ' என்று தொடங்கலாம்.

ஆப்பிள் இந்த விஷயத்தில் கஞ்சம். எதை வாங்கினாலும் 'ஆப்பிள்.காம்/பில்' என்பதோடு நிறுத்திவிடுகிறது. போதாக்குறைக்கு, அடுத்தடுத்த நாட்களில் வாங்கிய இரண்டு மூன்று பொருட்களை ஒரே தொகையாகச் சேர்த்து எடுப்பதும் உண்டு; அப்படி வரும் கூட்டுத்தொகை எந்தச் செயலியின் விலையோடும் பொருந்தாது.

ஊர் என்ற கட்டத்தில் சில நேரம் ஊருக்குப் பதிலாக ஒரு போன் நம்பரோ இணைய முகவரியோ இருக்கும். இணைய விற்பனையில் ஊரால் பயனில்லை என்பதால், வாடிக்கையாளர் தொடர்பு கொள்ளட்டும் என்று கார்டு நிறுவனங்கள் அனுமதித்த ஏற்பாடு இது. தேதியிலும் ஒரு நாள் இரண்டு நாள் முன்பின் இருக்கும். பணம் எடுக்கப்பட்ட நாள் ஒன்று, கணக்கில் ஏறிய நாள் இன்னொன்று. அமெரிக்க நேரப்படி சந்தா புதுப்பிக்கப்பட்டால் இங்கே அது மறுநாள்.

தொகை ஏன் ஒட்டுவதில்லை

மாதம் 20 டாலர் என்று விளம்பரம் செய்யும் ஒரு வெளிநாட்டுச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 1,700 ரூபாய் என்பது மனக்கணக்கு. ஸ்டேட்மென்ட்டில் அந்த எண் வராது. வெளிநாட்டிலிருந்து இந்தியர்களுக்கு விற்கப்படும் டிஜிட்டல் சேவைகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைச் சேர்த்தால் 23.60 டாலர், அதாவது 2,006 ரூபாய். பல வங்கிகள் அந்நியச் செலாவணி மார்க்அப் என்று 3.5 சதவீதம் போடுகின்றன. அது 70 ரூபாய் 21 காசு. அந்த மார்க்அப்புக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, 12 ரூபாய் 64 காசு. ஆக மொத்தம் 2,088 ரூபாய் 85 காசு. இதில் மார்க்அப்பும் அதன் வரியும் தனி வரிகளாக, சில நாள் தள்ளிக்கூட வரலாம். கடையின் பெயரே இல்லாமல் 12 ரூபாய் 64 காசு என்று ஒரு வரி தொங்கிக்கொண்டிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அதற்கு மேலே வெளிநாட்டுச் செலவு ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். டாலர் விலை மாறுவதால் இந்த மொத்தம் மாதாமாதம் மாறும். 'போன மாதம் இந்தத் தொகை வரவில்லையே' என்ற சந்தேகத்துக்கு அதுவே காரணமாக இருக்கும்.

ரூபாயிலேயே விலை சொல்லி ரூபாயிலேயே எடுத்தாலும், விற்பவர் வெளிநாட்டில் பதிவானவராக இருந்தால் பல வங்கிகள் ஒரு சதவீதம் அளவில் தனிக் கட்டணம் போடுகின்றன. ரூபாயில் கட்டினோம், மார்க்அப் கிடையாது என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சி தரும்.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் வரிகளில் இரண்டு வகை உண்டு. கார்டைப் புதிதாகப் பதியும்போது அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எடுக்கப்படும் சோதனைத் தொகை தானாகவே திரும்பிவிடும். திரும்பாத சிறுதொகை வேறு கதை. அது கீழே வருகிறது.

மறந்துபோன சந்தாக்கள்

தெரியாத வரிகளில் கணிசமானவை கார்டுக்காரரோ வீட்டில் ஒருவரோ எப்போதோ சம்மதித்தவைதான். ஏழு நாள் இலவசம் என்று பார்த்து, கார்டு நம்பரைக் கொடுத்து, எட்டாம் நாளை மறந்துவிடுவது இதில் மிகச் சாதாரணம். முதல் மாதம் 1 ரூபாய், அடுத்து 499 என்ற வகையும் இதன் உறவுதான். ஆண்டுச் சந்தா இன்னும் மோசம். பன்னிரண்டு மாதம் கழித்து வரும் தொகைக்கு முந்தைய மாத ஸ்டேட்மென்ட்டில் எந்தச் சாட்சியும் இருக்காது. வைரஸ் தடுப்பு மென்பொருள், இணையதளப் பெயர்ப் பதிவு, படங்களைச் சேமிக்கும் கிளவுட் இடம், பிடிஎஃப் திருத்தும் செயலி ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும் ஆசாமிகள்.

செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போகாது. கூகுள் பிளே வழியாக எடுத்த சந்தாவை அங்கேயே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்தில் ரத்து செய்தாக வேண்டும். ஐபோனிலும் அமைப்புகளுக்குள் போய், பெயரைத் தொட்டு, அதே பெயருள்ள பக்கத்தில் நிறுத்த வேண்டும். செயலியை நீக்குவது உபயோகத்தை நிறுத்துகிறது, பணம் போவதை நிறுத்துவதில்லை. ஆப்பிளிலும் கூகுளிலும் குடும்பக் கணக்கு வைத்திருந்தால், பிள்ளை வாங்கும் விளையாட்டுப் பொருளுக்குக் குடும்பத் தலைவரின் கார்டிலிருந்து பணம் போகும். ரசீதைப் பார்த்தால்தான் யார் வாங்கியது என்பது தெரியும்.

எல்லாப் பழியையும் வாடிக்கையாளரின் மறதி மீது போடுவது நியாயமில்லை. சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஒன்பது பக்கம் என்று திட்டமிட்டே கட்டப்பட்ட தளங்கள் உண்டு. அமேசான் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிமுறைக்குக் கம்பெனிக்குள் 'இலியட்' என்று பெயர் வழங்கியதாக, 2023 ஜூனில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் சொல்லப்பட்டது. நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் அமேசான், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு, 100 கோடி அபராதம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பதும், இலவசச் சந்தாவுக்குக் கட்டாயமாகக் கார்டு விவரம் கேட்பதும் அதில் அடக்கம். விசா நிறுவனமும் 2020 ஏப்ரலில் தன் விதிகளை இறுக்கியது: இலவசக் காலம் முடிந்து பணம் எடுக்கத் தொடங்கும் முன் விற்பவர் வாடிக்கையாளருக்கு ஏழு நாள் முன்னதாகத் தகவல் தர வேண்டும். விதி இருக்கிறது; அந்த மின்னஞ்சல் விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே போய் விழுவதை எந்த விதியாலும் தடுக்க முடியாது.

ஒரு நாள் முன்னால் வரும் எஸ்எம்எஸ்

இந்தியக் கார்டுக்காரருக்கு மற்ற பல நாட்டவருக்கு இல்லாத ஒரு பிடிமானம் இருக்கிறது. தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி வகுத்த இ-மேண்டேட் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. இதன்படி சந்தாவை முதலில் பதியும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு தேவை. அதன் பிறகு ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் கார்டு கொடுத்த வங்கி எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை மறு ஓடிபி இல்லாமல் எடுக்கலாம் என்றிருந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்ந்தது.

ஆகவே தெரியாத வரி ஒன்று ஸ்டேட்மென்ட்டில் இருந்தால், அந்தத் தேதிக்கு ஒன்றிரண்டு நாள் முந்தைய எஸ்எம்எஸ்களைப் புரட்டுவதுதான் மிகச் சுருக்கமான வழி. ஸ்டேட்மென்ட் வரியைவிட அந்த முன்னறிவிப்பில் கடையின் பெயர் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தச் செய்தியே சந்தேகத்தைக் கிளப்பும் வகையில் வருகிறது என்பது விசித்திரம். பல வங்கிகள் இந்த வேலையை பில்டெஸ்க்கின் எஸ்ஐஹப், ரேஸர்பேயின் மேண்டேட்ஹெச்க்யூ போன்ற தளங்களிடம் விட்டிருக்கின்றன. வங்கியின் பெயரில் ஒரு செய்தி, உள்ளே முன்பின் தெரியாத ஒரு இணைப்பு. தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று அதே வங்கி சொல்லிச் சொல்லிப் பழக்கிய வாடிக்கையாளர், உருப்படியான அறிவிப்பையும் சேர்த்து அழித்துவிடுகிறார். இணைப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வங்கியின் சொந்தச் செயலிக்குள் கார்டு பகுதியில் ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் அல்லது இ-மேண்டேட் என்ற பக்கத்தைத் திறந்தால், நடப்பிலுள்ள சந்தாக்கள் கிடைக்கும். அங்கேயே ரத்து செய்யலாம்.

வங்கியிடம் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் கடைகள் கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணை வைத்துக்கொள்ளலாம். எந்தெந்தக் கடைகளில் டோக்கன் இருக்கிறது என்பதைப் பார்க்கவும் நீக்கவும் வங்கி வசதி செய்து தர வேண்டும். இந்தப் பட்டியலை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தாலே பாதிப் பெயர்கள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இந்தப் பாதுகாப்பில் ஓர் ஓட்டை உண்டு. ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில், கார்டு நம்பரும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்றிலக்க எண்ணும் கிடைத்தாலே பணம் எடுத்துவிட முடியும். அதற்கு எதிரான எளிய தாழ்ப்பாள் வங்கிச் செயலியிலேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின் பேரில், எல்லாக் கார்டுக்காரர்களும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் இணையப் பரிவர்த்தனையையும் தாங்களே திறக்கவோ மூடவோ வரம்பு வைக்கவோ முடியும். வெளிநாட்டுச் சந்தா எதுவும் இல்லாதவர் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்கக் காரணமே இல்லை.

தேடும் வரிசை

முன்னறிவிப்பு கிடைக்கவில்லை என்றால் அடுத்தது மின்னஞ்சல். கடையின் பெயரைத் தேடுவதைவிடத் தொகையைத் தேடுவது பலன் தரும். ரசீதில் பெயர் மாறலாம், எண் மாறாது. வெளிநாட்டுச் செலவு என்றால் ரூபாய்த் தொகையை விட்டுவிட்டு, ஸ்டேட்மென்ட்டில் பக்கத்திலேயே இருக்கும் டாலர் தொகையைத் தேட வேண்டும். அலுவலக முகவரி, பழைய முகவரி, வீட்டில் மற்றவர்களின் முகவரி என்று எல்லாவற்றிலும் பார்ப்பது நல்லது; சந்தா எந்த முகவரியில் எடுக்கப்பட்டதோ அதற்குத்தான் ரசீது போகும். அதன் பிறகு கூகுள் பிளே, ஆப்பிள், அமேசான், பேபால் ஆகியவற்றின் சந்தாப் பக்கங்கள். பேடில் தன் இணையதளத்தில் வாங்கியவரே தேடிப் பார்க்கும் வசதி வைத்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரியையோ கார்டின் கடைசி நான்கு இலக்கங்களையோ கொடுத்தால் எந்த மென்பொருளுக்கான பணம் என்பது தெரிந்துவிடும். முழுக் கார்டு நம்பரையோ ஓடிபியையோ கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிட வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயரை இணையத்தில் தேடிப் பார்ப்பதில் தவறில்லை. அந்தப் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று சேர்த்துத் தேடுவதில்தான் வினை. மோசடிக் கும்பல்கள் போலி எண்களைத் தேடல் முடிவுகளில் விதைத்து வைத்திருக்கின்றன. அழைத்தால் மிகப் பணிவாகப் பேசுவார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, போன் திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். 499 ரூபாயைத் தேடப் போய் மொத்தச் சேமிப்பையும் பறிகொடுப்பது இப்படித்தான். அழைக்க வேண்டிய எண் கார்டின் பின்புறத்தில் அச்சாகியிருக்கிறது.

உண்மையிலேயே திருட்டு என்றால்

தேடியும் எதுவும் அகப்படாத வரி, திருட்டு என்றே கருதத்தக்கது. தொகை சிறியது என்பது அதற்கு எதிரான ஆதாரமாகாது. திருடிய கார்டு நம்பர் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் சின்னத் தொகை எடுத்து, அதன் பின் பெரிதாகக் கை வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். சின்னத் தொகையிலேயே தொழிலை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. 2010-இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வெளிக்கொண்டுவந்த ஒரு மோசடியில், நிஜக் கம்பெனிகளைப் போல ஒலிக்கும் பெயர்களில் போலிக் கம்பெனிகளைத் தொடங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகளிலிருந்து 20 சென்ட் முதல் 10 டாலர் வரை எடுத்திருந்தார்கள். சேர்ந்தது ஏறத்தாழ ஒரு கோடி டாலர். பெரும்பாலானவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது இவ்வளவுக்காக யார் போன் செய்வது என்று விட்டுவிட்டார்கள். அந்த அலட்சியத்தைக் கணக்கில் வைத்தே தொகை நிர்ணயிக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் அலட்சியத்துக்கு விலை உண்டு, அது நாள் கணக்கில் ஏறுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் வரை என்றால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேல் வரம்புள்ளவர் 25,000 ரூபாயும் ஏற்க வேண்டி வரலாம். ஏழு நாளைத் தாண்டிவிட்டால் அந்த வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். ஓடிபியைத் தானே கொடுத்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வங்கிக்குச் சொல்லும்வரை ஆன நஷ்டம் அவருடையது.

இந்த நாட்கள் எப்போதிலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டேட்மென்ட் வந்த நாளிலிருந்து அல்ல. பணம் போனதாக வங்கி தகவல் அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து. அந்தத் தகவல் பெரும்பாலும் அன்றே எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். மாதத்தின் ஐந்தாம் தேதி போன பணத்தை, மாதக் கடைசியில் வரும் ஸ்டேட்மென்ட்டில் பார்ப்பவருக்கு மூன்று நாளும் ஏழு நாளும் எப்போதோ கழிந்திருக்கும். ஸ்டேட்மென்ட்டை நிதானமாக உட்கார்ந்து படிக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்களைக்கூட இந்த விதி கைவிட்டுவிடுகிறது. எஸ்எம்எஸ் வந்த அன்றே ஒரு நிமிடம் பார்ப்பவருக்குத்தான் இது முழுப் பாதுகாப்பு. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் பழைய போன் நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும்.

புகாருக்கு வங்கி எண் தரும். அந்த எண்ணும் புகார் செய்த நேரமும் பின்னால் உதவும். தகவல் கிடைத்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருட்டு என்று புகார் செய்த தொகைக்கு, முடிவு தெரியும்வரை கார்டு நிறுவனம் கட்டணம் எதுவும் போடக் கூடாது என்பது கிரெடிட் கார்டுகளுக்கான 2022 விதி. ஆனால் கோபத்தில் மொத்த பில்லையும் கட்டாமல் நிறுத்திவைத்தால் மீதித் தொகைக்கு வட்டி ஏறும். டெபிட் கார்டில் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்தே போய்விடுவதால் அவசரம் இன்னும் அதிகம். பணம் போய்க்கொண்டிருக்கும் நிலையில் வங்கியோடு சேர்த்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைக்க வேண்டும்.

திருட்டும் தகராறும் ஒன்றல்ல

சந்தாவை ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தார்கள் என்பது திருட்டு அல்ல, தகராறு. விற்பவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவதற்குக் கார்டு நெட்வொர்க்குகள் வைத்திருக்கும் சார்ஜ்பேக் முறையில் இரண்டுக்கும் தனித்தனி வகைகள் உண்டு, கேட்கும் ஆதாரமும் வேறு. தகராறுக்கு ரத்து செய்த தேதி, அதற்கு வந்த பதில் மின்னஞ்சல், திரையைப் படம்பிடித்த நகல் ஆகியவை தேவை. பெரும்பாலான வகைகளில் 120 நாள் வரை அவகாசம் இருக்கிறது. மறந்துபோன சந்தாவைத் திருட்டு என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் வேலை ஆகும் என்று நினைப்பவர்களுக்குத் தொல்லைதான் மிஞ்சும். வங்கி கார்டை முடக்கிப் புதிது அனுப்பும்; மின்கட்டணம், இன்சூரன்ஸ் என்று அந்தக் கார்டில் ஓடிய மற்ற எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். விற்பவர் முன்பு பதிந்த சம்மதத்தையும் பயன்படுத்திய பதிவுகளையும் காட்டினால், தற்காலிகமாக வரவு வைத்த பணம் திரும்பப் போய்விடும். அந்தக் கடையில் இருந்த கணக்கும் மூடப்படலாம். படங்களோ கோப்புகளோ அதற்குள் இருந்தால் அவற்றுக்கும் ஆபத்து.

மறந்துபோன சந்தாவுக்கு முதல் கதவு விற்பவர்தான். புதுப்பித்த சில நாட்களுக்குள், பயன்படுத்தவே இல்லை என்று எழுதிக் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருகிறவர்கள் குறைவில்லை. அவர்களுக்கும் சார்ஜ்பேக் வந்தால் தனியாக அபராதம் இருக்கிறது. விற்பவர் மறுத்தால், அல்லது ரத்து செய்யவே விடாமல் சுற்றவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கி மீதான குறைக்கு வழி வேறு: முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளுக்குள் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். விவரம் கேட்க 14448 என்ற எண். முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் வரவே இல்லை, செயலியில் ரத்து செய்த மேண்டேட்டில் மறுபடி பணம் போனது, புகார் செய்தும் 10 நாளில் வரவு வைக்கவில்லை என்பன குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டியவை. வாங்கிய செயலி சரியில்லை, விலை அதிகம் என்பன அங்கே எடுபடாது.